மூட்டு நில்லாத பாவாயி

போன மாதம் ஒரு சாயங்காலம், இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு நர்சுப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். அன்று அவர்கள் வார்டில் ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்களாம். அவள் கட்டைவிரலை மடக்கினால் முன்கையோடு ஒட்டிக்கொள்கிறதாம். கன்னத்துத் தோலை இழுத்தால் துணி மாதிரி வருகிறதாம். படிக்கிற பையன்கள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். புது டாக்டர் அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார் என்றும், மூட்டு மட்டுமில்லை, மயக்கம், வயிற்றுக் கோளாறு, தடிப்பு எல்லாமே அதோடு சேர்ந்து வரும் என்று சொன்னார் என்றும் சொன்னார்கள். ஒருத்தி தன் விரலை வளைத்துப் பார்த்து, வளையவில்லை என்று சிரித்தாள்.

"உங்க காலத்துல இப்படி யாராச்சும் வந்திருக்காங்களாம்மா?" என்று மற்றவள் கேட்டாள்.

"ஒருத்தி வந்தாள்" என்றேன்.  இத்தனை வருஷம் கழித்தும் பாவாயியைப் பற்றி என்னால் வாயால் சொல்ல முடிவதில்லை. எழுதியாவது கொடுங்கள் என்று அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

நான் ஆட்டையாம்பட்டியில் தறிக்காரர் வீட்டுப் பெண். சிறு வயதிலேயே தாலியறுத்தவள். அண்ணன் ஒருவர் துணிந்து என்னைச் சென்னைக்கு அனுப்பிப் பிரசவ நர்சுக்குப் படிக்கவைத்தார். படிப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் கொதிக்கவைத்தே பாதி நாள் போயிற்று. முடித்து வந்ததும் நாமகிரிப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். ஓட்டுக் கூரை, சில இரும்புக் கட்டில், ஒரு ஆயா, ஒரு கம்பவுண்டர். இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது இது.

அங்கே பெண்கள் பகுதிக்கு வந்த டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். தஞ்சாவூர்ப் பக்கம். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்வார். சொல்லிவிட்டு, "செய்யட்டுமா?" என்று கேட்டுக் காத்திருப்பார். வேறு எந்த டாக்டரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கக் கேட்க எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பயம்தான் வந்தது. "டாக்டருக்கே தெரியலையாட்ட இருக்குதுங்க" என்று என்னிடம் முணுமுணுப்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் முதலில் அதே எண்ணம்தான்.

பாவாயியை அவள் புருஷன் செங்கோடன் கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தான். கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது வலது தோள் கழன்றுவிட்டது. பத்தொன்பது இருபது வயது இருக்கும். ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். தோள் எலும்பு முன்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. கழன்ற தோளை ஏற்றுவதற்கு எங்களிடம் ஒரே வழிதான்: அக்குளில் துண்டைக் கட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். கம்பவுண்டர் கையைத் துடைத்துக்கொண்டு தயாரானார். நான் துண்டை முறுக்கினேன்.

துண்டைப் பார்த்ததும் அந்தப் பெண் வண்டியை நோக்கி ஓடப் பார்த்தாள்.

"இழுக்காதீங்க சாமி, இழுக்காதீங்க. போன வாட்டி இழுத்ததுல மணிக்கட்டும் சேந்து வந்துருச்சுங்க."

டாக்டரம்மா கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். "போன வாட்டியா? இதற்கு முன்னாலும் கழன்றிருக்கா?"

"கணக்கில்லீங்க. தூங்கித் திரும்பினாலே கழண்டுக்கும்."

"அப்போதெல்லாம் எப்படி உள்ளே போகும்?"

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். புருஷனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கவுந்து படுத்துக் கையைத் தொங்கப் போட்டுக்குவேனுங்க. சித்த நேரத்துல தானே போயிரும். இன்னிக்கு வகுறு இருக்கறதால கவுந்து படுக்க முடியலீங்க."

வயிறு அழுந்தாமல் இருக்க மேஜையில் தலையணைகளை அடுக்கி நடுவில் பள்ளம் விட்டோம். அவளைக் கவிழ்த்துப் படுக்கவைத்தோம். கை விளிம்பில் தொங்கியது. சின்ன மணல் பை ஒன்றை டாக்டரம்மா எடுத்தார். மணிக்கட்டு தாங்காது என்று முழங்கைக்கு மேலே கட்டினார். பிறகு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் வீட்டு எருமைக்கு என்ன தீனி வைப்பாள் என்று கேட்டார். பாவாயி பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில், சேற்றிலிருந்து காலை எடுத்தால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தோள் உள்ளே போயிருந்தது. கம்பவுண்டர் வெளியே போனார்.  யார் கையும் படாமல் எலும்பு தானாக நகர்வதைப் பார்ப்பது நல்ல காட்சியாக எனக்குப் படவில்லை.

அவள் தொடையிலும் கையிலும் நீலமும் பச்சையுமாகக் கன்றல்கள் இருந்தன. முழங்காலில் பழைய காயத் தழும்புகள் வெங்காயத் தோல் போல மெலிந்து பளபளத்தன. டாக்டரம்மா செங்கோடனை வெளியே அனுப்பிவிட்டு, "அடிக்கிறாரா?" என்று கேட்டார்.

"அவுரா? அய்யோ, இல்லீங்க. கட்டில் கால்ல லேசா இடிச்சுக்கிட்டாலும் இப்படித்தானுங்க ஆகும். ஊருல எல்லாரும் அவரைத்தான் பேசறாங்க. பாவமுங்க."

டாக்டரம்மா அதை நம்பினார். மெல்லத் தோலை நிமிண்டிப் பார்த்தார். விரல்களை வளைக்கச் சொன்னார். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தவள் வெளுத்துப் போய் அப்படியே என் மேல் சாய்ந்தாள். நாடி படபடவென்று ஓடியது. நின்றாலே இப்படி ஆகும் என்றும், கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு கல்லாகிவிடும் என்றும், சில நாள் காரணமில்லாமல் உடம்பெல்லாம் தடிக்கும் என்றும் தெளிந்த பிறகு சொன்னாள். வேலை செய்ய உடம்பு வணங்காத பெண் என்று அவளுக்கு ஊரில் பெயர்.

"உங்க வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?"

"எங்கம்மாளுக்கு உண்டுங்க. எங்கக்காளுக்கும் இருந்துச்சு."

"இருந்ததா?"

"அவ பெத்த அன்னிக்கே போயிட்டாளுங்க. ரத்தம் நிக்கல."

டாக்டரம்மா எழுந்து கை கழுவப் போனார்.

கை கழுவும் இடத்தில் அவர் என்னிடம் சொன்னார்: சென்னையில் படிக்கும்போது இப்படி ஒரு ஆளை மேடையில் நிறுத்திக் காட்டினார்கள். தோலை இழுத்துக் காட்டினார்கள். மாணவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளுக்கு என்ன கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை. "நானும் கேட்கலை தாயம்மா. அதனால எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ஆள் தோல் நீளும்கிறது மட்டும்தான். இவளுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியாது."

டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். கஞ்சி ஏறாத பாவு நூலைத் தறியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று தெரியும். தொட்ட இடமெல்லாம் அறும். அவள் உடம்பு அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அந்த உடம்பிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வரவேண்டும்.

பிரசவத்துக்கு முன்பே அவளைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெற யாரும் வரமாட்டார்கள். வீட்டில் எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பமாட்டாள் என்ற பேச்சு ஊரில் இருந்தது. செங்கோடன் தன் தாயைக் கேட்டுச் சொல்வதாகப் போனவன் வரவே இல்லை. கடைசியில் டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வண்டி பூட்டி அவர்கள் குடியிருந்த காட்டுத் தோட்டத்துக்கே போனார்.

பாவாயியின் மாமியார் களத்தில் கடலைக்காய் உருவிக்கொண்டிருந்தார். ஒட்டி உலர்ந்த, நெடிய உருவம். சுற்றுப்பட்டில் யாருக்குப் பிள்ளைப்பேறு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று செங்கோடன் சொல்லியிருந்தான். ஆகவே சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க வந்தாப் பொழைச்சுக்குவாளுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "ரத்தம் போனால் நிறுத்தப் பார்ப்போம். ஊசி இருக்கு. நாங்க ரெண்டு பேர் பக்கத்திலேயே இருப்போம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்."

"பொழைப்பாளான்னு அவங்களே சொல்ல முடியலைங்கறாங்களே, அம்மா" என்று செங்கோடன் அழும் குரலில் சொன்னான்.

மாமியார் கடலைக்கொடியைக் கீழே போட்டார். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ அக்காளுக்குப் பேறு பாத்தது நாந்தானுங்க. பக்கத்துக் காட்டுலதான் அவளைக் கட்டிக் குடுத்திருந்துச்சு. கொழந்தை சுளுவா வந்துருச்சு. அப்பறம் ரத்தம். துணியை வெச்சு அமுக்கினேன், என்னென்னமோ பண்ணினேன். இந்தக் கையிலதான் போச்சு. இன்னொருக்கா என்னால ஆகாதுங்க. கூட்டிட்டுப் போங்க சாமி. நானும் கூடவே வாரேன்."

அப்படித்தான் பாவாயி வந்து சேர்ந்தாள். பிரசவம் வரை ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்ததெல்லாம் பார்க்கச் சின்ன வேலைகள். படுக்கும்போது முழங்கால் நடுவில் ஒரு தலையணை, தோளுக்குக் கீழே ஒரு தலையணை. இடுப்பு எலும்பு உரசி வலித்ததால் அகலத் துணியால் இடுப்பைச் சுற்றிக் கட்டு. காலில் பாதத்திலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டை சுற்றினோம். ஒரே தடவையாக எழக் கூடாது. முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு உட்கார வேண்டும், காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் இருக்க வேண்டும், அப்புறம்தான் நிற்க வேண்டும். நீர்மோரில் மற்றவர்களைவிடக் கூட உப்புப் போட்டு அடிக்கடி கொடுத்தோம். சோற்றைச் சிறு சிறு பங்காகக் கொடுத்தோம். கார்பாலிக் சோப்புப் பட்ட இடம் தடித்ததால் அவளுக்கு மட்டும் வெறும் வெந்நீர். எதைச் செய்தாலும் டாக்டரம்மா அவளிடம் கேட்பார். இது ஒத்துக்கொண்டதா? எங்கே வலித்தது? அவள் சொன்னபடி மாற்றுவார். மயக்கம் குறைந்தது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

எனக்குத்தான் தெளிவு வரவில்லை. தினமும் காலையில் வார்டுக்குள் நுழையும் முன் அவள் கட்டிலைத்தான் முதலில் பார்ப்பேன். டாக்டரம்மா எனக்குப் பிரசவத்துக்கான வழிமுறையை ஒன்றுக்குப் பல தடவை சொல்லியிருந்தார். ஒருக்களித்துப் படுக்கவை. காலை விரித்து இழுக்காதே, இடுப்பு மூட்டு நழுவும். முக்கச் சொல்லாதே. தலை மெல்ல வரட்டும், வெந்நீர்த் துணியோடு உன் கை தாங்கிக்கொண்டே இருக்கட்டும். குழந்தை வந்ததும் கர்ப்பப்பை சுருங்க ஊசி போடு.

"நீங்க இருப்பீங்கல்லம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.

"இருப்பேன்" என்றார்.

அவர் இல்லை. வலி வந்த அன்று ஒரு வழக்கில் சாட்சி சொல்ல ஊர்க்கோடியில் இருந்த கச்சேரிக்குப் போயிருந்தார். முற்பகல். வெயில் ஓட்டில் இறங்கி வார்டு கொதித்தது. பாவாயி ஒரு தடவை முனகினாள். நான் போய்ப் பார்த்தபோது தலை தெரிந்தது. தலைச்சன் பிள்ளை அவ்வளவு வேகமாக வந்து நான் பார்த்ததே இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த செங்கோடனிடம், "ஓடு, டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வா" என்று கத்தினேன். மேல்துண்டு கீழே விழுந்தது தெரியாமல் ஓடினான்.

ஆயா காலைத் தாங்கிக்கொண்டாள். மாமியார் உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முக்காதே சாமி, ஊது, வாயால ஊது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொன்னது அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை. என் கையால் தலையைத் தடுத்துத் தடுத்து விட்டேன். பெண் குழந்தை. அழுதது. ஊசியைப் போட்டேன். நஞ்சுக்கொடியும் வந்தது. ஒரு மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் ரத்தம் வந்தது.

அதன் சத்தத்தை நான் முதலில் கேட்டேன். கட்டிலிலிருந்து தரையில் சொட்டியது. பிறகு சொட்டாமல் ஒழுகியது. வயிற்றின் மேல் கையை வைத்துக் கர்ப்பப்பையைப் பிசைந்தேன். கல்லாக இறுகியிருந்தது. அப்படியென்றால் ரத்தம் கிழிசலிலிருந்து வருகிறது. துணியைச் சுருட்டி அழுத்தினேன். துணி நனைந்தது. பாவாயி, "என்னங்க ஆச்சு?" என்றாள். பிறகு, "எங்கக்காளுக்கு மாதிரியுங்களா?" என்றாள். துணியை மாற்றி இன்னும் அழுத்தினேன். வாசலில் மாமியார் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா வந்தார். ஓடி வந்த மூச்சோடு கையைக் கழுவினார். அப்போதும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பாவாயி, கிழிஞ்சிருக்கு. தைக்கணும். செய்யட்டுமா?" அவள் தலையசைத்தாள். மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக் காத்திருந்து குத்திப் பார்த்தார். "வலிக்குதுங்க" என்றாள் பாவாயி. அந்த மருந்து போட்டால் வலிக்காது என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். டாக்டரம்மா வாதாடவில்லை. "இவளுக்கு இந்த மருந்து வேலை செய்யலை. ஆனா காத்திருக்க நேரமில்லை. வலிக்கும் பாவாயி. கத்தணும்னா கத்து" என்றார்.

முதல் தையலைப் போட்டு முடிச்சை இறுக்கினார். இழை சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. ஊறிய காகிதத்தைத் தைத்தது போல. அந்த இடத்திலிருந்தும் ரத்தம் கசிந்தது. இன்னொரு தையலும் அப்படியே. டாக்டரம்மாவின் கை நின்றது. என் பக்கம் திரும்பாமல், அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"தாயம்மா, எனக்குப் பயமா இருக்கு."

 அவர் அதைச் சொன்னதும் என் கைக்குப் பிடிப்பு வந்தது. ஏன் என்று இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது. தனியாகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. "எனக்கும்தாம்மா. சொல்லுங்க, என்ன செய்யட்டும்?" என்றேன்.

"அழுத்து. நான் சொல்லும்வரை எடுக்காதே."

ஓரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி, ஆழமாக, அகல அகலமாக ஊசியை விட்டார். முடிச்சை இறுக்கவில்லை. சதையும் சதையும் தொட்டு நின்றால் போதும் என்று விட்டார். போடப் போட நான் அழுத்தினேன். பாவாயி கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவள் விரல்கள் பின்னால் வளைந்து நழுவின. மறுபடி பிடித்தாள். தையல் முடிந்த பிறகும் டாக்டரம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தோம். அன்று எங்களிடம் ரத்தம் ஏற்ற வழியில்லை. போன ரத்தம் போனதுதான். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, தொடையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினோம். வெயில் ஜன்னலைவிட்டுப் போனபோது டாக்டரம்மா, "கையை எடு" என்றார். எடுத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

அதன் பிறகும் பயம் எங்களை விடவில்லை. காய்ச்சல் வருமா என்று பார்த்தோம். தையல் பிரியுமா என்று பார்த்தோம். மற்றவர்களுக்குப் பிரிக்கும் நாள் வந்தும் டாக்டரம்மா அவள் தையலைப் பிரிக்கவில்லை. இன்னும் இருக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். காயம் மெல்ல, மிக மெல்ல ஒட்டியது.

பாவாயி பிழைத்தாள். அப்புறம் பல வருஷம் இருந்தாள். தோள் கழன்றுகொண்டேதான் இருந்தது. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று டாக்டரம்மா செங்கோடனிடம் கண்டித்துச் சொன்னதை அவன் கேட்டான். ஒரு தடவை வாழப்பாடிச் சந்தையில் அவர்களைப் பார்த்தேன். காலில் பட்டை சுற்றி, ஒரு கோலை ஊன்றி நடந்தாள். சுமையெல்லாம் அவன் தலையில் இருந்தது. அதற்குள் டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது.

ஆனால் அவள் ஆஸ்பத்திரியை விட்டுப் போவதற்குச் சில நாள் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம், "இவளுக்கும் என்னையாட்டத்தானுங்களா?" என்று பாவாயி கேட்டாள். பிறந்த குழந்தை எல்லாமே வளையும், இப்போது சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்றார் அவர்.  பாவாயி குழந்தையின் விரல்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

மறுநாள் காலை மாமியார் தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்தார். எண்ணெய் தேய்த்தார். ஊர் வழக்கப்படி உடம்பு முறுக்கேற வேண்டும் என்று வலது கையையும் இடது காலையும் பிடித்துக் குறுக்கே இழுக்கப் போனார்.

"அத்தை! கையை உடுங்க!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமியார் முன்னால் தலை நிமிர்ந்துகூடப் பேசாதவள் பாவாயி.  மாமியார் கையை எடுத்துவிட்டார். வெறும் கைகளைக் காற்றில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

பாவாயி ஒருக்களித்தாள். உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிட்டுக் காத்திருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இப்படி இழுத்து இழுத்துத்தான் கெட்டுப்போச்சோ, பொறப்புலயே அப்படித்தானோ, எனக்குத் தெரியாதுங்க அத்தை. இவளை யாரும் இழுக்க வேண்டாம். கையைப் புடிச்சுத் தூக்கவும் வேண்டாம்."

"அப்பறம் எப்படித் தூக்கறது, சொல்லு சாமி."

பாவாயி அவர் ஒரு கையை எடுத்துக் குழந்தையின் பிடரிக்குக் கீழே வைத்தாள். இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே வைத்தாள். எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கைகள் அவை. அன்று தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்காமல் நின்றன.

"பயமா இருக்குதே சாமி."

"எனக்குந்தானுங்க" என்றாள் பாவாயி. "மெல்லத் தூக்குங்க."